திரும்பும் நீரில் ஒரு ஸ்ட்ரைப்பர்

வணக்கம். ஜூன் மாதம், அதிகாலை 4:20. மாசசூசெட்ஸில், கேப் காட் கால்வாய்க் கரையில் நிற்கிறேன். காற்று இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மைக்கின் பஞ்சு உறையை வீட்டிலேயே விட்டுவிட்டேன்.

தண்ணீரைப் பாருங்கள். வெட்டிய கால்வாய் என்றால் நம்புவீர்களா? காட்டாறுபோல் ஓடுகிறது. ஒரு முனையில் கேப் காட் விரிகுடா. அங்கே ஓதம் ஏறக்குறைய 9 அடி ஏறி இறங்கும். மறுமுனையில் பஸ்ஸர்ட்ஸ் விரிகுடா. அங்கே 4 அடிதான். ஏறும் நேரமும் வேறு. அந்த வித்தியாசம் முழுவதும் இந்த 480 அடி அகலத்துக்குள் பாய்ந்தாக வேண்டும். சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டம் திசை மாறும். கிழக்கே ஓடிய நீர் விடியும் வேளையில் நின்று மேற்கே திரும்புகிற நாட்களுக்காகத்தான் இங்கே எல்லோரும் தவம் கிடக்கிறார்கள். கானாங்கெளுத்தி இனத்து மீன்கள் கூட்டமாக உள்ளே வரும், உடலில் கோடு போட்ட பெரிய ஸ்ட்ரைப்பர் மீன்கள் பின்னாலேயே துரத்தி வரும்.

படகிலிருந்து தூண்டில் போட இங்கே அனுமதி இல்லை. அதனால் கரையில் தோளோடு தோள் கூட்டம். பாதிப் பேர் சைக்கிளில் வந்தவர்கள், தூண்டில் கோலைச் சைக்கிள் சட்டத்தில் கட்டிக்கொண்டு. ஒருவர் வீசி, தூண்டில் நரம்பு ஓட்டத்தோடு நகர்ந்த பிறகுதான் அடுத்தவர் வீச வேண்டும். நான் அவசரப்பட்டேன். பக்கத்துப் பெரியவரின் நரம்போடு என் நரம்பு முறுக்கிக்கொண்டது. திட்டுவார் என்று நினைத்தேன். தன் நரம்பையே வெட்டிவிட்டு வேறு கட்டினார். அது திட்டியதைவிட மோசம்.

மணி 5:15. பாறைகளில் சிக்கி இரண்டு ஜிக் போயின, அடியில் மூழ்கும் கனமான செயற்கை இரை அது. நீர் நின்றுவிட்டது. நீர்மேல் மிதக்கும் செயற்கை இரையான பாப்பரை மாட்டி வீசினேன்... இதோ! இழுக்கிறது, ரீல் அலறுகிறது, பாருங்கள்! பாறையெல்லாம் பாசி, வழுக்குகிறது. ஆணி வைத்த காலணி இல்லாவிட்டால் நானும் மீனோடு போயிருப்பேன்.

வந்துவிட்டது. வெள்ளிப் பக்கத்தில் பேனாவால் கோடு போட்டதுபோல் வரிசையாகக் கறுப்புக் கோடுகள். கீழ்த்தாடையைப் பெருவிரலால் பிடித்திருக்கிறேன், உப்புத்தாள்போல் சொரசொரப்பு. அளவு 33 அங்குலம்.

வைத்துக்கொள்ள முடியாது. 28 அங்குலத்துக்குக் குறையாமலும் 31-ஐ எட்டாமலும் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒன்றுதான். 2023 மே மாதத்துக்கு முன்பு 35-ஐ எட்டாததை எடுத்துக்கொள்ளலாம். அப்போது பிடித்திருந்தால் இன்று வீட்டில் குழம்பு. 2015-இல் பிறந்த மீன்கள் அதிகம், அவை முட்டையிடத் தப்ப வேண்டும் என்றுதான் இந்த வரம்பைச் சுருக்கினார்கள். நியாயம்தான், ஆனாலும் கை வலிக்கிறது.

மீனைத் திரும்ப நீரில் விட, அதன் தலையை ஓட்டத்துக்கு எதிராக வைத்துப் பிடிக்கிறேன். செவுள் அசைகிறது... ஒரே வீச்சு! முகமெல்லாம் தண்ணீர், லென்ஸும் நனைந்துவிட்டது. துடைத்துவிட்டு வருகிறேன், நீர் மேற்கே ஓடத் தொடங்கிவிட்டது.