சாமியிடம் பஸ்ஸைப் பற்றிப் பேசலாமா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், என் அணித் தோழர்களுக்கும், எதிரணியில் இருக்கும் அண்ணன் அக்காமார்களுக்கும், வகுப்பு முடிந்த பிறகும் வீட்டுக்குக் கிளம்பாமல் இங்கே உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

'கல்லூரி மாணவரின் அன்றாட வாழ்வில் இறைநம்பிக்கை தருவது தெம்பா, சாக்கா?' இதுதான் இன்றைய தலைப்பு. தெம்பே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய மூன்றாமாண்டு அண்ணன் ஒரு கேள்வி கேட்டார். "உலகத்தையே படைத்தவன் என்கிறீர்கள். அவனிடம் போய், பஸ் சீக்கிரம் வரணும், இன்டர்னலில் இரண்டு மார்க் கூட விழணும் என்று கேட்கிறீர்கள். இது பக்தியா, சிறுபிள்ளைத்தனமா?" என்றார். பலத்த கைதட்டல். எங்கள் அணிக்காரர்கள் சிலரே தட்டினார்கள். அதனால் அந்தக் கேள்விக்குத்தான் முதலில் பதில்.

அண்ணா, நம்முடைய ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பாருங்கள். நம்மில் பாதிப் பேர் வலங்கைமான் பக்கமிருந்தும் பாபநாசம் பக்கமிருந்தும் தினமும் கும்பகோணத்துக்கு பஸ்ஸில் வருகிறவர்கள். பஸ் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் நிற்கும். பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது எங்களுக்கு எவ்வளவு பெரிய உதவி என்று எங்கள் அம்மாக்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது காசு கொடுத்து ஏறும் பஸ். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு, கிராஃப் ஷீட் எல்லாம் போக மிச்சமிருந்தால் அந்த டிக்கெட். எப்படியோ வந்து சேர்ந்து வகுப்பு வாசலில் நின்றால், அட்டென்டன்ஸ் எடுத்து முடித்திருப்பார்கள். 75 சதவீதத்துக்குக் கீழே போனால் கண்டொனேஷன் என்று ஒரு கட்டணம் கட்ட வேண்டும். இன்னும் கீழே போனால் தேர்வே எழுத முடியாது.

அப்புறம் லேப். இயற்பியல் மாணவி என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஸ்பெக்ட்ரோமீட்டர் சோதனை, பிரிஸத்தில் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளப்பது. சோடியம் விளக்கைப் போட்டால் உடனே எரியாது. முதலில் சிவந்து, மெதுவாகத்தான் மஞ்சளுக்கு வரும். பிறகு டெலஸ்கோப்பைச் சரி செய்து, பிரிஸத்தை மேடையில் வைத்து, பிளவின் பிம்பம் எந்த இடத்தில் நின்று திரும்புகிறது என்று ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவழியாக அது திரும்பும் இடத்தைப் பிடித்துத் திருகை இறுக்கப் போகும் நேரத்தில், பக்கத்தில் போகிறவளின் துப்பட்டா பட்டுப் பிரிஸம் நகர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. நேரம் முடிந்துவிடும். ரீடிங் இல்லாமல் அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்து கிடைக்காது. கையெழுத்து இல்லாமல் ரெக்கார்டு எழுத முடியாது.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

வீட்டில் ஒரு சாவு என்றால் ஊரே வந்து நிற்கும். அப்பாவுக்கு உடம்புக்கு முடியவில்லை என்றால் பேராசிரியரே கூப்பிட்டு விசாரிப்பார். பெரிய துக்கத்துக்கு ஆள் உண்டு. பிரிஸம் நகர்ந்துபோன துக்கத்துக்கு யார் வருவார்கள்? நாற்று நட்டுவிட்டு முதுகு வலியோடு வந்து படுத்திருக்கும் அம்மாவிடம் போய், "அம்மா, வெர்னியர் ரீடிங் போச்சு" என்று சொல்ல முடியுமா? தோழியிடம் சொல்லலாம் என்றால் அவளுக்கும் அன்றைக்கு ரீடிங் வந்திருக்காது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அற்பம். வெளியே சொன்னால் 'இதுக்கெல்லாமா' என்று கேட்பார்கள். அதனால் சொல்லாமலே விழுங்குகிறோம். வாரக் கடைசியில் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது, இல்லையென்றால் தம்பிமேல் எரிந்து விழுகிறோம்.

'இதுக்கெல்லாமா' என்று கேட்காத ஒருவர் நமக்கு வேண்டியிருக்கிறது. தெருமுனைப் பிள்ளையாரிடம் பஸ்ஸைப் பற்றிச் சொல்கிறோம் என்றால், அவர் பஸ்ஸைத் திருப்பிவிடுவார் என்பதற்காக இல்லை. சொல்லக்கூடிய இடம் அது. சொல்லி முடித்து நெற்றியில் விபூதி வைத்துக்கொண்டு நகரும்போது மனசில் பாரம் குறைகிறது. நான் தெம்பு என்று சொல்வது இதைத்தான்.

இது சிறுபிள்ளைத்தனம் என்றால், இதே காவிரி டெல்டாவில் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டுகளுக்கு முன்னால் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்வதைக் கேளுங்கள். சுந்தரருக்குக் குண்டையூரில் மலையாக நெல் கிடைக்கிறது. அதைத் திருவாரூருக்கு எடுத்துப் போக ஆள் இல்லை. வீட்டில் மனைவி பரவையார் காத்திருக்கிறார். சுந்தரர் என்ன செய்தார்? பக்கத்தில் கோளிலிக்கு, இன்றைய திருக்குவளைக்குப் போய், நெல் கிடைத்திருக்கிறது, தூக்கிச் செல்ல ஆள் இல்லை, ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டும் என்று சிவபெருமானிடம் பாடிக் கேட்டார். மோட்சம் கேட்கவில்லை ஐயா, லோடு ஏற்ற ஆள் கேட்டார்! அந்தப் பாட்டைத் தேவாரத்தில் வைத்து இன்றைக்கும் கோயிலில் ஓதுவார்கள் பாடுகிறார்கள். பார்வை போன பிறகு அதே சுந்தரர் திருவாரூரில் நின்று, உன் அடியார் கண் தெரியாமல் திண்டாடும்போது நீ மட்டும் நன்றாக வாழ்ந்துகொள் என்று கடவுளோடு சண்டை போட்டிருக்கிறார். பைபிளின் சங்கீதங்களிலும் இப்படித்தான். இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று கேட்கிற முறையீடு அதில் ஒன்றிரண்டு இல்லை. கடவுளிடம் சின்ன விஷயத்தைப் பேசுவதும், குறை சொல்வதும், கோபித்துக்கொள்வதும் நம் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்த பழக்கம் இல்லை அண்ணா.

சரி, அடுத்த குற்றச்சாட்டுக்கு வருகிறேன். நம்பிக்கை சோம்பேறித்தனத்துக்குச் சாக்கு என்றார்கள். ஹால் டிக்கெட்டைச் சாமி பாதத்தில் வைப்பவன் புத்தகத்தைத் திறக்க மாட்டான் என்றார்கள்.

எங்கள் கல்லூரி விடுதியில் ஒரு தோழி ரம்ஜான் நோன்பு இருப்பாள். சில வருடங்களாக அந்த மாதம் பிப்ரவரி மார்ச் பக்கமாக வருகிறது. எங்களுக்கு அது இன்டர்னல் தேர்வு நேரம். மெஸ் ஏழரைக்குத்தான் திறக்கும், சஹர் சாப்பாடோ விடிவதற்கு முன்னால் முடிந்தாக வேண்டும். மெஸ் அக்கா இரவே ஒரு ஹாட்பாக்ஸில் சோறும் குழம்பும் எடுத்து வைத்துவிடுவார். மற்றவர்கள் தூக்கம் கெடக் கூடாது என்று இவள் அறை விளக்கைப் போடாமல், வராந்தா வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கவும் மாட்டாள், தொழுதுவிட்டு அங்கேயே புத்தகத்தை விரிப்பாள். மத்தியானம் அதே ஸ்பெக்ட்ரோமீட்டர், அதே மஞ்சள் விளக்கு. ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நிற்பாள். சாக்குத் தேடுகிறவளாக இருந்தால், நோன்பு இருக்கிறேன், மயக்கமாக வருகிறது என்று சொல்லி லேபுக்கு லீவு கேட்டிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். அவள் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஏன் கேட்கவில்லை என்றேன். "நோன்புன்னு சொல்லிட்டு வேலையைத் தட்டிக்கழிச்சா அது நோன்பே இல்லடி" என்றாள். எதிரணிக்கு நான் தனியாக வாதம் எதுவும் தயார் செய்ய வேண்டியதில்லை, அவள் சொன்னதே போதும்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். இந்த ஊர்க்காரர். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அந்த வீடு இன்றைக்கும் இருக்கிறது. 1904இல் இங்கே அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார் சீனிவாச ராமானுஜன். கணக்கைத் தவிர வேறு எதிலும் மனசு போகவில்லை. ஆங்கிலத்தில் தவறினார், உதவித்தொகை போய்விட்டது. பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி. அங்கேயும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தோல்வி. நம் பேச்சில் சொன்னால், கடைசிவரை கிளியர் ஆகாத அரியர். வேலை இல்லை, பட்டம் இல்லை, காகிதம் வாங்கக் காசு இல்லை. சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதினார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம். 1918இல் இங்கிலாந்தின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் உறுப்பினர்.

கடிதத்தையும் ராயல் சொசைட்டியையும் எல்லோரும் பேசுவார்கள். எனக்கு அந்த நடுவில் கிடந்த வருடங்கள்தான் முக்கியம். பெயிலான பையன் என்று ஊர் பார்த்த வருடங்கள். அப்போது அவருக்குத் துணை யார் என்று அவரே சொல்லியிருக்கிறார். நாமக்கல் நாமகிரித் தாயார். கணக்குகளைத் தனக்குத் தருபவள் அவள்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். தாயார் கனவில் வந்தாளா, சூத்திரம் சொன்னாளா என்று அண்ணன் கேட்கலாம். அதற்கு நான் போகவில்லை. தாயார் பார்த்துக்கொள்வாள் என்று அவர் சிலேட்டைக் கீழே வைத்தாரா? அதைச் சொல்லுங்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் அவருடைய நோட்டுகளில் இருக்கின்றன. நம்பிக்கை ஒருவரைச் சோம்பேறியாக்கும் என்றால், இந்த ஊரில் அவரைவிடப் பெரிய சோம்பேறி இருந்திருக்கக் கூடாது.

தெய்வத்தால் ஆகாவிட்டாலும் முயற்சி கூலி தரும் என்ற குறளை எதிரணித் தோழர் எடுத்துச் சொன்னார். எங்களுக்கும் அது மனப்பாடம்தான், அதில் ஒரு சண்டையும் இல்லை. மெய் வருத்திப் படிக்க வேண்டும் என்பதில் இரண்டு அணியும் ஒன்று. வருத்துவதற்கு உடம்பில் சக்தி இல்லாத ஒரு சாயங்காலம் எல்லோருக்கும் வரும். அந்த நேரத்தைப் பற்றித்தான் எங்கள் அணி பேசிக்கொண்டிருக்கிறது.

நம்பிக்கை இல்லாதவர்களைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. என் வகுப்பிலேயே கோயிலுக்குப் போகாத, நல்ல மனசுள்ள நண்பர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய தெம்பு வேறு இடத்திலிருந்து வருகிறது, வரட்டும். அதேபோல, மனசு உடைந்து கிடக்கும் மாணவரிடம், சாமியைக் கும்பிடு, எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்புவது தப்பு. மனநல ஆலோசகரிடம் கூட்டிப் போக வேண்டும். நம்பிக்கை உள்ளவர்கள்தான் அதை முதலில் செய்ய வேண்டும். வருடாவருடம் ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறுவதை ஒட்டி நம் ஊர்ச் சாலைகளில் கூட்டம் கூட்டமாக நடந்து போகிறார்கள். அதில் கல்லூரிப் பையன்கள் எத்தனை பேர்! கால் கொப்பளித்தவனை உட்காரவைத்து, மருந்து போட்டு, தோளில் கை போட்டு நடத்திக் கூட்டிப் போவதும் அதே கூட்டம்தான். அந்தப் பையன்கள் நடைக்கும் மருந்துக்கும் நடுவில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை.

கடைசியாக எதிரணி அக்கா கேட்டதற்கு வருகிறேன். அதுதான் எல்லாவற்றிலும் கடினமானது. "கேட்டது கிடைத்தால் அருள், கிடைக்காவிட்டால் சோதனை. எப்படிப் பார்த்தாலும் கடவுள் தோற்பதே இல்லை. இது என்ன கணக்கு?" என்றார்.

நியாயமான கேள்வி அக்கா. இதற்கு என்னிடம் சூத்திரம் கிடையாது. நடந்ததைச் சொல்கிறேன். சொல்லலாம் என்று சம்பந்தப்பட்டவளே அனுமதி கொடுத்திருக்கிறாள்.

என் வகுப்புத் தோழிக்குப் போன செமஸ்டரில் ஒரு பாடம் போய்விட்டது. நன்றாகத்தான் எழுதியிருந்தாள். வீட்டில் கடன் வாங்கி மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டினாள். செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை ராகு காலத்தில் பட்டீஸ்வரம் துர்க்கைக்கு விளக்கேற்றினாள். முடிவு வந்தது. மார்க் மாறவில்லை. இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை போக மாட்டாள் என்றுதான் நாங்கள் நினைத்தோம். போனாள். விளக்கு வாங்கவில்லை, பூ வாங்கவில்லை. வெறுங்கையோடு போய் நின்று, "உன்மேல கோபமாத்தான் இருக்கேன். இனிமே மார்க் எல்லாம் உன்கிட்ட கேக்க மாட்டேன். ஆனா நாளைக்கு அரியர் ஃபீஸ் கட்டப் போறேன், கூட வா" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

மறுநாள் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு அலுவலக வரிசையில் நின்று பணம் கட்டினாள். ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பழைய கேள்வித்தாள்களை எடுத்தாள். இப்போது விடுதிப் படிப்பறையில் கடைசியாக எழுந்து போகிறவள் அவள்தான். தேர்வு இன்னும் நடக்கவில்லை. அதனால் அருளா சோதனையா என்ற கணக்குக்கே இங்கே இடமில்லை. துர்க்கை அவளுக்கு ஒரு மார்க்கூடக் கொடுக்கவில்லை அக்கா, அது அவளுக்கு நம் எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்த வரிசைக்குத் தனியாகப் போகவில்லை என்கிறாள். நாங்கள் யாரும் அவளோடு போகவில்லை, எங்களுக்கு லேப் இருந்தது.

நடுவர் ஐயா, மூன்றாவது வரிசையில்தான் அவள் உட்கார்ந்திருக்கிறாள். தெம்பா சாக்கா என்று சந்தேகம் வந்தால் தீர்ப்புக்கு முன்னால் அவளையே கேட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.