முதல் தனி ஆல்பம்: பெடல் வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

ராக் கிடார் வாசிக்கும் நம் பிள்ளைகள் பலருக்குச் சொந்தமாக ஓர் ஆல்பம் போடும் ஆசை இருக்கிறது. பெரிய ஸ்டுடியோ இல்லையே என்று தயங்க வேண்டாம். அமெரிக்க ராக் கிடார் கலைஞர் ஸ்டீவ் வாய் (Steve Vai) 1984-இல் வெளியிட்ட முதல் தனி ஆல்பமே அவர் வீட்டுப் பின்புற ஷெட்டில் பதிவானதுதான்.

நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டில் ஆம்ப் (கிடார் ஒலிபெருக்கி) முன்னால் மைக் வைத்தால் லாரி ஹார்னும் சேர்ந்து பதிவாகும். எனவே கிடாரை நேரே ஆடியோ இன்டர்ஃபேஸில் (கிடார் ஒலியைக் கணினிக்குள் அனுப்பும் பெட்டி) செருகுங்கள். ஆம்பின் தொனியைக் கணினியில் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டியின் 'இன்ஸ்ட்ருமென்ட்' சுவிட்சைப் போட மறந்தால் ட்ரெபிள் (கூர்மையான மேல் ஒலி) செத்துவிடும். பதிவுத் தரம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கட்டும். சிவப்பைத் தொட்டு உடைந்த ஒலியைப் பிறகு சரிசெய்யவே முடியாது.

அடுத்தது 'ம்ம்ம்' என்ற இரைச்சல். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சிங்கிள் காயில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும், ஒற்றைச் சுருள் கொண்ட பாகம்) அதை அப்படியே பிடிக்கும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் கோளாறு அந்தப் பக்கம். நிற்கவில்லையா? உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்புங்கள். ஏதோ ஒரு கோணத்தில் குறையும், அங்கேயே வாசியுங்கள். ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி விளக்கு இரண்டையும் அணைத்துவிடுங்கள். இரைச்சல் போகிறதே என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் வெட்டாதீர்கள், உயிருக்கே ஆபத்து. எலக்ட்ரீஷியனை அழைத்து வீட்டு எர்த்தைச் சோதித்துவிடுங்கள்.

புதுக் கம்பி போட்டு, நன்றாக இழுத்துவிட்டு, 12-ஆம் ஃப்ரெட்டைப் பாருங்கள். அங்கே ஹார்மோனிக்கும் (கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டும் ஒலி) அழுத்திய ஸ்வரமும் ட்யூனரில் ஒன்றாக நிற்க வேண்டும். அழுத்தியது ஏறி நின்றால் சேடிலை (பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் துண்டு) கிடாரின் கழுத்தைவிட்டுப் பின்னுக்கு, இறங்கினால் கழுத்தை நோக்கி முன்னுக்கு நகர்த்துங்கள். இதைச் செய்யாமல் பத்துப் பாட்டுப் பதிவு செய்தால் பத்திலும் கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் ஸ்வரங்கள்) சுருதி விலகி ஒலிக்கும்.

ரிதம் கிடாரை இரண்டு தடவை வாசித்து இடம், வலம் என்று பிரித்து வையுங்கள். ஒரே பதிவை நகலெடுத்து இரு பக்கமும் போட்டால் சத்தம்தான் கூடும், விரிவு வராது. இரண்டாம் தடவை க்ளிக்கோடு (தாளம் காட்டும் டிக் ஒலி) ஒட்டி வாசிப்பதுதான் கடினம்; அவசரப்படாதீர்கள். டிஸ்டார்ஷனையும் (ராக் கிடாரின் கரகரப்பு) பாதியாகக் குறையுங்கள், இரண்டும் சேரும்போது தானே தடித்துவிடும்.

லீட் பகுதியை (மெட்டை முன்னெடுக்கும் தனி வாசிப்பு) வாயால் பாடிப் பார்த்துவிட்டு வாசியுங்கள். பாட முடியாத இடத்தில் விரல்தான் ஓடுகிறது, மெட்டு இல்லை. குரல் இல்லாத ஆல்பத்தில் அந்த மெட்டுதான் பாடகர்.

மாஸ்டரிங்குக்கு (வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சீரமைப்பு) அனுப்பும் ஃபைலில் லிமிட்டரை (ஒலியின் உச்சத்தை அடக்கும் கருவி) கழற்றிவிட்டு, வேவ் வடிவிலேயே கொடுங்கள். ஆம்ப் தொனி சேர்க்காத மூலப் பதிவுகளை இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் தனித்தனியாக வைத்திருங்கள். தொனியை மாற்ற நினைத்தால் மறுபடி வாசிக்க வேண்டியிருக்காது.