கோப்பு என்னிடம் வரவில்லை

(மும்பை தாராவியில் ஒரு ஞாயிறு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். ஏதாவது தப்பு நடந்தால் 'கோப்பு என்னிடம் வரவில்லை' என்று அமைச்சர்கள் நழுவுகிறார்களே, அவர்களை எப்படிப் பதில் சொல்ல வைப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. மழைக்கு முன்னால் முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். பார்ப்போம்.

போன மாதம் பேரனுக்கு இருமல். மருந்துக் கடையில் சிரப் வாங்கிவிட்டு, பேட்ச் நம்பர் போட்டு பில் கொடு என்றேன். கடைத் தம்பி ஏற இறங்கப் பார்த்தான். "இத்தனூண்டு பாட்டிலுக்கு பில்லா மாமா?" என்றான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் நகரவில்லை. பில் வந்தது.

இந்தப் பிடிவாதம் எனக்கு 1986இல் வந்தது. பைகுல்லா ஜே.ஜே. ஆஸ்பத்திரியை இங்கே எல்லாருக்கும் தெரியும். நம்மில் பாதிப் பேர் வீட்டுப் பிரசவம் அங்கேதான். அந்த வருடத் தொடக்கத்தில் அங்கே சிகிச்சைக்கு வந்தவர்களுக்குக் கிளிசரால் என்ற மருந்தைக் கொடுத்தார்கள். குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் வேலை செய்யாமல் நின்றுபோனது. 14 பேர் இறந்தார்கள். பாட்டிலில் டை எத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. தொழிற்சாலையில் புழங்குகிற ரசாயனம் அது. இனிப்பாக இருக்கும், நாக்கு கண்டுபிடிக்காது.

நீதிபதி லெண்டின் தலைமையில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். அவர் நர்சையும் ஸ்டோர் கிளார்க்கையும் மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விடவில்லை. இந்தச் சரக்கை யார் வாங்கச் சொன்னது, யார் சோதிக்காமல் விட்டது, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் யாருக்கு யார் வேண்டியவர் என்று படிப்படியாக மேலே ஏறினார். அறிக்கை வெளியானதும் 1988இல் சுகாதார அமைச்சர் பாய் சாவந்த் பதவி விலகினார்.

சரி, அதோடு அந்த ரசாயனம் ஒழிந்ததா? 2025இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் போனார்கள். அந்த இருமல் மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு அரசு ஆய்வுக்கூடம் சோதித்தபோது அதே விஷம் 48.6 சதவீதம் இருந்தது. அனுமதித்த அளவு 0.1 சதவீதம். கலப்படம் என்று சொல்லவே வாய் வரவில்லை, பாதி பாட்டில் அதுதானே! கம்பெனி முதலாளியைக் கைது செய்தார்கள், மருந்துத் துறை அதிகாரிகள் சிலரை சஸ்பெண்ட் செய்தார்கள். ஏணி அங்கேயே நின்றுவிட்டது. அதிகாரிகளுக்கு மேலே நாற்காலியே இல்லாத மாதிரி.

பணத்துக்கும் இதே கதைதான். 1957இல், அரசு எல்.ஐ.சி.யைத் தொடங்கி ஒரு வருடம்கூட நிரம்பாத நேரத்தில், ஹரிதாஸ் முந்த்ரா என்பவரின் ஆறு கம்பெனிகளின் பங்குகளை ஒன்றேகால் கோடி ரூபாய் சொச்சத்துக்கு வாங்கினார்கள். முதலீட்டுக் குழுவைக் கேட்கவே இல்லை. பாலிசி கட்டிய ஜனங்களின் பணம். மக்களவையில் கேள்வியை எழுப்பியவர் பெரோஸ் காந்தி. ஆளுங்கட்சிக்காரர், பிரதமரின் மருமகன் வேறு! இந்த ஊர் ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா விசாரித்தார். கதவைச் சாத்திக்கொண்டு அல்ல. இங்கேயே, எல்லார் முன்னாலும். வெளியே நின்ற கூட்டமும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கி வைத்தார்கள். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அறிக்கையும் கொடுத்துவிட்டார். இன்றைக்கு ஒரு கமிஷனுக்கு ஆபீஸ் ரூம் கிடைக்கவே அதைவிட அதிக நாள் ஆகும்.

நிதியமைச்சர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. கெட்டிக்காரர், அதில் சந்தேகமே இல்லை. 'இந்த வியாபாரத்துக்கு நான் ஒப்புதல் தரவில்லை' என்பது அவர் வாதம். தன் துறைச் செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் பொறுப்பு, செயலாளரின் முதுகுக்குப் பின்னால் அமைச்சர் ஒளிந்துகொள்ள முடியாது என்பது சாக்ளாவின் முடிவு. 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார். சில வருடம் கழித்து அதே நிதியமைச்சராகத் திரும்பியும் வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதனால்தான் ராஜினாமாவை நான் அவ்வளவு பெரிதாக நினைப்பதில்லை. ஒரு அமைச்சரை நிற்கவைத்துக் கேட்டார்கள், அவர் பதில் சொன்னார், அதை ஊர் கேட்டது. எனக்குப் பெரிது அதுதான்.

இந்தப் பேச்சு வந்தாலே யாராவது அரியலூர் ரயில் விபத்தைச் சொல்வார்கள். ரயில்வே அமைச்சர் சாஸ்திரி பதவி விலகினாரே, அந்த மனசு இப்போது யாருக்கு வரும் என்பார்கள். உத்தமர்தான். ஆனால் அமைச்சரின் மனசை நம்பி எப்படிக் குடித்தனம் நடத்துவது? பாண்டியனையே எடுத்துக்கொள்ளுங்கள். பொற்கொல்லன் சொன்னான், காவலன் வெட்டினான், ஓலை என்னிடம் வரவே இல்லை என்று அவனும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, உயிரையே விட்டான். ஆனால் எப்போது? கண்ணகி மற்றச் சிலம்போடு சபைக்கு வந்து, கோவலனிடம் பறித்த சிலம்பை உடைத்துக் காட்டிய பிறகு. அந்தச் சிலம்பு அவள் கையில் இல்லையென்றால், பாவம், வாசலிலேயே காவலன் "மனுவைப் பெட்டியில் போட்டுட்டுப் போம்மா" என்றிருப்பான்.

நான் தணிக்கை ஆபீசில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன். நாங்கள் எழுதுகிற அறிக்கை சபைக்குப் போகும். இங்கே பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாளில், பெட்டி கட்டுகிற நேரத்தில். டெல்லியிலே தணிக்கை அறிக்கையை ஆராய்கிற பொதுக் கணக்குக் குழு 22 எம்.பி.க்கள் கொண்டது, 1967 முதல் எதிர்க்கட்சிக்காரர்தான் தலைவர். நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே வந்து பதில் சொல்வது செயலாளர்தான். அமைச்சரைக் கூப்பிடுகிற வழக்கம் இல்லை. அவரைச் சபையில்தான் கேட்க வேண்டும். அங்கே நம் எம்.எல்.ஏ. வாயைத் திறக்க வேண்டும். வாய் திறக்க அவர் கையில் ஒரு காகிதம் இருக்க வேண்டும்.

அந்தக் காகிதத்துக்குத்தான் இன்றைக்கு வந்தேன். தகவல் உரிமைச் சட்டப்படி மனு போட்டால் 30 நாளில் பதில் சொல்லியாக வேண்டும். ஆனால் 'ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்று எழுதாதீர்கள். அதற்கு ஒரு வரியில் தட்டிக்கழித்துவிடுவார்கள். நம் வார்டில் போன வருடம் எத்தனை மருந்து மாதிரி எடுத்தீர்கள், எத்தனை தேறவில்லை, அந்தக் கோப்பில் அமைச்சர் வரை யார் யார் என்னென்ன குறிப்பு எழுதினார்கள், நகல் கொடுங்கள் என்று கேளுங்கள். கோப்பு வரவில்லை என்று அப்புறம் யாரும் சொல்ல முடியாது. யார் மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்பது அதிலேயே தேதியோடு இருக்கும்.

பின்னால் ஒரு மேசை போட்டிருக்கிறோம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் இருக்கிறது. மராத்தியில் எழுதித் தர நம் காலேஜ் பிள்ளைகள் நாலு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். மகாராஷ்டிரத்தில் ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் கேட்கலாம், அதுவும் 150 சொல்லுக்குள். நான் அதைத் தாண்டி ரொம்ப நேரமாகிறது. மழையும் வந்துவிட்டது, உட்காருகிறேன்.