புழுப்பல்லிகளின் தலையும் உறவுமுறையும்

அவையோருக்கு வணக்கம். ஆப்பிரிக்க மண்ணுக்கடியில் வாழும் புழுப்பல்லிகளை வகைப்படுத்த முனைபவரை முதலில் ஏமாற்றுவது அவற்றின் தலைதான். கையும் காலும் இல்லாமல், உடல் முழுவதும் வளையம் வளையமாக அமைந்து, கண்ணைச் செதில் மூடிக்கிடக்கும் இவ்விலங்குகளில் வேறுபாடு பளிச்செனத் தெரியும் உறுப்பு தலை ஒன்றே. ஆகவே அதைக் கொண்டு உறவு காண முயன்றது இயல்பே.

உலகில் ஏறத்தாழ 200 புழுப்பல்லி இனங்கள் ஆறு குடும்பங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. சகாராவுக்குத் தெற்கே வாழ்பவை ஆம்ஃபிஸ்பேனிடே குடும்பத்தவை. வடக்கேயும் சோமாலியா பக்கத்திலும் ட்ரோகோனோஃபிடே குடும்பம் உண்டு. மொராக்கோவில் பிளானஸ் பேரினமும் வாழ்கிறது.

தெற்கத்திய பேரினங்களில் சிரிண்டியா, சைகாஸ்பிஸ் ஆகியவற்றின் தலை உருண்டை. ஆன்சிலோகிரேனியத்தின் தலை பக்கவாட்டில் ஒடுங்கியது. மோனோபெல்டிஸின் தலையோ மண்வெட்டித் தகடுபோல் தட்டையாகி, மேலே கெட்டியான கொம்புப் படலத்தால் போர்த்தப்பட்டிருக்கிறது. மூக்கைக் கீழ்நோக்கி மண்ணுக்குள் செலுத்தி, பின் தலையை உயர்த்தி, சுரங்கத்தின் கூரையில் மண்ணை அழுத்தி இறுக்கியபடி அது முன்னேறுகிறது. தென்னமெரிக்காவின் லெபோஸ்டெர்னானுக்கும் ஃபுளோரிடாவின் ரைனியூராவுக்கும் ஏறக்குறைய இதே தலை உண்டு. இம்மூன்றையும் ஒரே கிளையில் வைக்கத் தோன்றும். ஆனால் 2004இல் மௌரீன் கியர்னி, பிரையன் ஸ்டூவர்ட் என்னும் ஆய்வாளர்கள் பழைய எலும்புகளிலிருந்து எடுத்த டிஎன்ஏவை ஒப்பிட்டபோது, தோண்டும் தலை வடிவங்கள் வெவ்வேறு கிளைகளில் தனித்தனியே மீண்டும் மீண்டும் தோன்றியவை என்பது தெளிவாயிற்று. தலை வடிவம் தொழிலைச் சொல்கிறது, குலத்தைச் சொல்வதில்லை.

குலத்தை அறிய உள்ளே பார்க்க வேண்டும். நீண்டு மெலிந்த உடலில் இரண்டு நுரையீரல்களுக்கும் இடமில்லாததால் பாம்புகளில் இடது நுரையீரல் சிறுத்துப்போனது. புழுப்பல்லிகளிலோ சிறுத்தது வலது. பாம்புபோலத் தோன்றினாலும் இவை பாம்பின் வழிவந்தவை அல்ல என்பதற்கு, என் கருத்தில், இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. மரபணு ஆய்வுகள் இவற்றைக் கால்களுள்ள லாசெர்டிடே குடும்பப் பல்லிகளின் அருகில் வைக்கின்றன. மேல்தாடையின் முன்னே நட்டநடுவில் ஒற்றைப் பெரிய பல் நிற்கிறது. வாயை மூடும்போது அது கீழ்த்தாடைப் பற்களுக்கு இடையில் பொருந்துவதால், கடித்த இரையிலிருந்து துண்டையே பிய்த்தெடுக்க முடிகிறது. வெளிக்காதுத் துளை கிடையாது. ஆயினும் செவியெலும்போடு சேர்ந்த குருத்தெலும்பு தாடையோரமாக முன்நோக்கி நீண்டு முகத்தோலைத் தொடுகிறது. அதன்வழி அதிர்வு உட்காதை அடைகிறது. தோலும் உடலோடு இறுக ஒட்டாமல் தளர்வாக இருப்பதால், தோல் வளையங்கள் மண்ணைப் பற்றி நிற்க, உடல் அதற்குள்ளேயே முன்னே நழுவுகிறது.

ட்ரோகோனோஃபிடே குடும்பம் மற்றக் குடும்பங்களிலிருந்து நன்கு விலகி நிற்கிறது. மற்றப் புழுப்பல்லிகளின் பற்கள் தாடையின் உட்பக்கச் சுவரில் ஒட்டியிருக்க, இவற்றின் பற்கள் ஓணானின் பற்களைப்போலத் தாடை விளிம்பின் மேலேயே அமர்ந்திருக்கின்றன. வால் மிகக் குட்டை; அது அறுந்து விழுவதுமில்லை. தலையை இருபுறமும் திருகித் திருகித் தோண்டுவது இவற்றின் வழக்கம்.

இன்னொன்று வியப்புக்குரியது. சகாராவுக்குத் தெற்கேயுள்ள புழுப்பல்லிகளின் நெருங்கிய உறவினர் தென்னமெரிக்காவில் வாழ்கின்றனர். இரு கண்டங்களும் பிரிந்த காலத்திலேயே இவர்களும் பிரிந்திருப்பர் என்று எண்ணத் தோன்றும். எனினும் புதைபடிவங்களையும் மரபணுக்களையும் இணைத்து 2015இல் வெளியான ஆய்வு, இப்பிரிவு கண்டங்கள் விலகி நெடுங்காலத்துக்குப் பிறகே நிகழ்ந்தது என்கிறது. அப்படியானால், வாழ்நாளெல்லாம் மண்ணுக்குள் கிடக்கும் இவ்விலங்கு, வேரோடு பெயர்ந்து மிதந்த மரங்களிலோ மண்திட்டுகளிலோ அட்லாண்டிக்கைக் கடந்திருக்க வேண்டும்.