சீருடையும் கரைவேட்டியும்

(காரைக்குடியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முன்னாள் படைவீரர்களே, தேசிய மாணவர் படைப் பிள்ளைகளே, அனைவர்க்கும் வணக்கம்.

படையை ஆளும் அதிகாரம் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களிடமே இருக்க வேண்டும் என்பதில் இந்த அவையில் எவருக்கும் ஐயம் இராது. ஆனால் ஆணையிடுபவர் பாசறையின் அன்றாடத்தையும், ஆணையை ஏற்பவர் நாடாளுமன்றம் நடக்கும் முறையையும் அறியாமல் இருந்தால், இருவருக்கும் நடுவே வதந்தியும் மனத்தாங்கலும் குடியேறிவிடும். 1959இல் தரைப்படைத் தளபதி திம்மையாவுக்கும் பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனனுக்கும் மூண்ட பிணக்கு, தளபதி பதவி விலகல் கடிதம் கொடுத்து, பிரதமர் நேரு கேட்டுக்கொண்டபின் அதைத் திரும்பப் பெறும் வரை போயிற்று. அடுத்த மூன்றாண்டுகளில் சீனப் போர் வந்தது. தோல்விக்கு அந்தப் பிணக்கு ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் ஒருவரையொருவர் நம்பாத இரு தரப்பும் சேர்ந்து ஒரு போரை எதிர்கொள்ள நேர்ந்தது என்பது உண்மை.

இந்த இடைவெளியைக் குறைக்கப் பிரிட்டனில் 1989இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த நீல் தோர்ன் அதற்கு முன்னின்றார். கட்சி வேறுபாடின்றி உறுப்பினர்கள் முப்படைகளில் ஒன்றைத் தேர்ந்து, ஆண்டில் சில நாள்களை வீரர்களோடு கழிக்கிறார்கள். ஆஸ்திரேலியா 2001இல் தொடங்கிய திட்டம் ஒரு படி மேலே போயிற்று. அங்கே உறுப்பினர் சீருடை அணிந்து படைப்பிரிவுக்குச் செல்வது ஒரு பாதி. படையினர் தலைநகர் கான்பெராவுக்கு வந்து, உறுப்பினரின் அலுவலகத்தில் அவரோடு இருந்து அவர் பணியைப் பார்ப்பது மறு பாதி.

இந்த மறு பாதியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரு கோப்பு ஏன் தாமதமாகிறது, ஒரு கேள்வியை எழுப்ப எத்தனை முன்னேற்பாடு வேண்டும், தொகுதி மக்களின் மனுக்கள் ஓர் உறுப்பினரின் நாளை எப்படித் தின்றுவிடுகின்றன என்பதைக் கண்ணால் கண்ட இளம் அதிகாரி, அரசியல்வாதி என்றாலே முகம் சுளிக்கும் பழக்கத்தை விட்டுவிடக்கூடும்.

உடனிருந்து பார்த்துக் கற்பது நம் ஊருக்குப் புதிய முறையன்று. பர்மாவிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார், பிள்ளைகளைப் பெட்டியடிப் பையன் என்ற கடைநிலை உதவியாளாகத்தான் கடைக்கு அனுப்பினார்கள். கணக்கும் பணிவும் படிந்த பிறகே அடுத்தாள், அதற்கும் பிறகே மேலாள்.

நம் நாட்டு நிலை என்ன? ஐ.ஏ.எஸ். பயிற்சி பெறுவோர், நாடு சுற்றிப் பார்க்கும் தங்கள் பாரத தரிசனப் பயணத்தின்போது படைப்பிரிவுகளோடு தங்குகிறார்கள். 1960இல் தொடங்கிய தேசியப் பாதுகாப்புக் கல்லூரியில் குடிமை அதிகாரிகளும் படை அதிகாரிகளும் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கு மட்டும் அப்படியொரு நிலையான ஏற்பாடு இல்லை. 1949இல் ராஜாஜி தொடங்கிவைத்த, வேறு தொழில் செய்வோர் பகுதிநேரமாகப் பணியாற்றும் பிராந்திய இராணுவத்தில் சச்சின் பைலட், அனுராக் தாக்கூர் போன்ற அரசியல் தலைவர்கள் தாமே விரும்பிச் சேர்ந்ததுண்டு. ஆனால் 2025-26இல் பாதுகாப்புக்கு ஒதுக்கப்பட்ட தொகை 6.81 லட்சம் கோடி ரூபாய். அதை ஆராயும் நிலைக்குழுவில் இரு அவைகளிலிருந்தும் 31 பேர். மக்களவையிலோ பாதுகாப்புச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கைகள் பல ஆண்டுகளில் விவாதமே இன்றி நிறைவேறியிருக்கின்றன. இரண்டொரு தனிமனிதரின் ஆர்வத்தை நம்பி விடக்கூடிய பொறுப்பா இது?

ஒரு தடை சொல்வார்கள், அது நியாயமானதே. அரசமைப்பின் 33ஆம் பிரிவு படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்த நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. இராணுவ விதிகள் அவர்களை அரசியல் கூட்டங்களிலிருந்து விலக்கி வைக்கின்றன. ஒரு கட்சி உறுப்பினரின் அறையில் படை அதிகாரியை உட்கார வைத்தால், அந்த வேலி சாயாதா? சாயக்கூடும். ஆகவே ஆஸ்திரேலிய முறையை அப்படியே எடுக்காமல், நம் அதிகாரிகளைத் தனி உறுப்பினரிடம் அனுப்புவதற்கு மாறாக நிலைக்குழுவின் செயலகத்தில் சில வாரம் இருத்தலாம் என்பது என் கருத்து. பாசறைக்குச் செல்லும் உறுப்பினர்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுக்கலாம். பாசறையில் எடுத்த படம் சுவரொட்டிக்குப் போகக் கூடாது என்று எழுதி வாங்கிவிட வேண்டும். (இந்த ஒரு நிபந்தனையிலேயே பாதிப் பேர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவார்கள் என்று நினைக்கிறேன்.)

சட்டமன்ற உறுப்பினர்களையும் இதில் சேர்க்க வேண்டும். சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் பல. 2022இல் நான்காண்டுப் பணிக்குப் படையில் ஆள் சேர்க்கும் அக்னிபத் திட்டம் வந்தபோது, நான்காண்டு முடிந்ததும் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிலைப்பார்கள், மற்றவர் கதி என்ன என்று பெற்றோர் கேட்கப் போனது தங்கள் தொகுதிக்காரரிடம்தான். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோதும் மக்கள் அவரைத்தான் தேடினார்கள். பேரிடரில் பொதுவாக மாநில நிர்வாகம் முறைப்படி கேட்ட பிறகே படை வரும். யார் கேட்பது, எது விரைவில் வரும், எது வராது என்பதெல்லாம் வெள்ளம் சூழ்ந்த இரவில் கற்கும் பாடமன்று. இராமநாதபுரத்தைத் தாண்டினால் உச்சிப்புளியில் ஐ.என்.எஸ். பருந்து என்ற கடற்படை விமானத்தளம் இருக்கிறது. நம் பகுதிச் சட்டமன்ற உறுப்பினர்கள், வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் செப்டம்பரில் ஒரு வாரம் அங்கே தங்கிவர, மாநில அரசு கடற்படையிடம் அனுமதி கேட்கலாம். அந்தக் கோரிக்கையை இந்தக் கூட்டத்தின் சார்பில் மனுவாக எழுதி வைத்திருக்கிறேன்; கையெழுத்திட விரும்புவோர்க்காக அது வாயில் மேசையில் இருக்கிறது.