சித்தப்பாவின் குழாயும் ஸ்டூடியோ ஸ்பீக்கரும்

நேயர்களுக்கு வணக்கம். ஸ்பீக்கரைப் பற்றி வானொலியில் பேசுவதில் ஒரு சங்கடம் உண்டு. எவ்வளவு உசத்தியான ஸ்பீக்கரைப் பற்றி நான் சொன்னாலும், அது உங்கள் வீட்டு ஸ்பீக்கர் வழியாகத்தான் உங்கள் காதுக்கு வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

தென்காசிப் பக்கம் எங்கள் ஊர். என் சித்தப்பா மைக் செட் வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை எல்லாவற்றுக்கும் அவர்தான். புளியமரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கரைக் கட்டுவது என் வேலை. "ரெண்டு ஊரு தள்ளிக் கேக்கணும்டே" என்பார். நல்ல சத்தத்துக்கு அவர் வைத்திருந்த அளவுகோல் அது ஒன்றுதான்.

ஒரு கல்யாணத்தில் மரத்திலிருந்து இறங்கிப் பந்தலுக்குள் போனேன். கெட்டிமேளம் கொட்டினார்கள். தவில்காரருக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். ஒவ்வோர் அடியும் நெஞ்சில் இடித்தது. வெளியே வந்தால் அதே தவில் குழாயில் தகர டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்கிறது. திரும்ப உள்ளே போனேன், திரும்ப வெளியே வந்தேன். "ஏன் சித்தப்பா இப்படி?" என்று கேட்டேன். ஆம்ப்ளிஃபயரிலிருந்து தலையைத் தூக்காமலே, "அடிச்சத்தம் குழாய்ல ஏறாதுடே" என்றார்.

பிறகு நான் புத்தகங்களில் படித்ததும் அதைத்தான். தாழ்ந்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். குழாயின் பின்னால் இருக்கும் தகடோ உள்ளங்கையில் அடங்கிவிடும். பேச்சு அதில் ஜோராகப் போகும், தவிலில் கழியால் அடிக்கிற தொப்பிப் பக்கம் போகாது. அன்றைக்குப் பிடித்த கிறுக்கு இன்னும் எனக்கு விடவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் சென்னை சாலிகிராமத்தில் ஓர் ஒலிப்பதிவுக்கூடத்தில் ஸ்பீக்கர் ஒன்றை இயக்கிக் காட்டுகிறார்கள் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஜோடியின் விலைக்கு ஒரு கார் வாங்கலாம். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு தடித்த கதவுகளைத் தாண்டிப் போனோம். இரண்டாவது கதவு மூடியதும் தெருவில் ஓடிய ஆட்டோ சத்தம் கத்தரித்தாற்போல நின்றது. கை தட்டிப் பார்த்தேன். தட்டிய இடத்திலேயே சத்தம் அடங்கிவிட்டது. சுவரெல்லாம் துணி போர்த்திய பலகைகள், உள்ளே சத்தத்தை உறிஞ்சுகிற ராக்வுல் பஞ்சு. மூலைகளில் இன்னும் கனமாக அடைத்திருந்தார்கள், தாழ்ந்த ஒலி மூலையில்தான் போய்க் குவியும்.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நாம் கேட்பதில் பாதி அறைதான். அந்த ஸ்பீக்கரை மொசைக் தரையும் வெற்றுச் சுவருமாக இருக்கிற நம் கூடத்தில் கொண்டுவந்து வைத்தால் அது வேறு ஸ்பீக்கர்.

விற்பனைக்காரர் வழக்கம்போல ஒரு வெளிநாட்டுப் பெண் குரலைப் போட்டார். அதில் எந்த ஸ்பீக்கரும் அழகாகத்தான் இருக்கும். நான் என் பென்டிரைவைக் கொடுத்தேன். இருபது வருஷமாகக் கேட்கிற ஒரு நாகஸ்வரக் கச்சேரிப் பதிவு. தவில் ஆரம்பித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். விரலால் வாசிக்கிற வலந்தலைப் பக்கத்தில் விரல் கூடுகள் தோலை உரசுவது கேட்டது. நாகஸ்வரக்காரர் மூச்சிழுப்பதும் கேட்டது. தொப்பியில் கழி விழுந்தபோது பழைய கல்யாணப் பந்தலுக்கே போய்விட்டேன்.

அப்புறம் ஒப்பிட்டுக் காட்டினார். அந்தக் கூடத்தின் மேஜை மேல் யமஹா என்எஸ்-10 இருந்தது. வெள்ளைக் கூம்பு. 1978-இல் வீட்டு உபயோகத்துக்கென்று வந்து, உலகம் முழுக்க ஸ்டூடியோக்களில் குடியேறிவிட்ட ஸ்பீக்கர். கீச்சுச் சத்தம் அதிகம் என்று, உயர்ந்த ஒலியைத் தருகிற சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் மேல் டிஷ்யூ பேப்பரை ஒட்டி வைப்பார்கள், இங்கும் ஒட்டியிருந்தது. மாற்றி மாற்றிப் போட்டார். எல்லோரும் புதியதற்கே தலையாட்டினார்கள். எனக்குச் சந்தேகம். ஒலிப்பதிவுப் பொறியாளரிடம் மெல்லச் சொன்னேன். மீட்டரை வைத்துப் பார்த்தார். புதியது இரண்டு டெசிபல் கூடுதல்!

இரண்டு டெசிபல் பெரிதா என்று கேட்பீர்கள். பெரிதுதான். ஒலி குறையக் குறைய, நம் காது தாழ்ந்த ஒலியைத்தான் முதலில் தவறவிடும். ஃபிளெட்சர், மன்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1933-இலேயே இதை அளந்து சொல்லிவிட்டார்கள். இப்போதே உங்கள் வானொலியில் பாட்டு வரும்போது குறைத்துப் பாருங்கள், மிருதங்கம் முதலில் போகும், குரல் நிற்கும். ஆகவே கொஞ்சம் கூட்டி வைத்தது எப்போதும் "நன்றாக" இருக்கும். கடையில் ஸ்பீக்கர் வாங்கப் போனால் முதலில் இதைப் பாருங்கள்.

அளவைச் சமமாக்கியதும் குரலில் எது எதுவென்று எனக்கே திணறியது. தவிலில் மட்டும் புதியது தெரிந்துவிட்டது, அதை மறைக்க மாட்டேன். காதைப் போலக் கண்ணும் ஏமாற்றும். 1994-இல் அமெரிக்காவில் ஃபிளாயிட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர்களை வைத்து மதிப்பெண் போடச் சொன்னார்கள். திரையை விலக்கியதும் மதிப்பெண்கள் மாறின. மலிவான சின்ன ஸ்பீக்கரின் மதிப்பெண் இறங்கிவிட்டது. "இங்கேயும் ஒரு திரை போடலாமா?" என்று விற்பனைக்காரரிடம் கேட்டேன். அதற்குள் காப்பி வந்துவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு விரல் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தான் இருக்கிறதாம். வீட்டில் எப்படி வைப்பது என்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அலமாரிக்குள் திணிக்காதீர்கள். மூலையிலிருந்து ஓரடியாவது தள்ளி வையுங்கள். ட்வீட்டர் உங்கள் காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரத்தில் உட்காருங்கள். ஸ்பீக்கர் ஒயர் பற்றி இரண்டு பக்கம் எழுதி வந்தேன், அது அப்படியே இருக்கிறது. விலை கூடிய ஒயர் வாங்காதீர்கள், அவ்வளவுதான். வணக்கம்.