வெள்ளம் வருமுன் அணை போடு

மதிப்பிற்குரிய சமூக மன்றத் தலைவர் அவர்களே, இந்திய நற்பணிச் செயற்குழுப் பெரியோர்களே, மருத்துவமனை வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் மருத்துவர் அவர்களே, வடையும் தேநீரும் ஏற்பாடு செய்த மகளிர் குழுச் சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

கல்லீரல் புற்றுநோய், சிறுநீர்ப் பரிசோதனை, குடும்பத்தின் கடமை என்று மூன்று செய்திகளோடு வந்திருக்கிறேன். ‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பார் என் பாட்டி. மூன்றுக்கும் அதுதான் அடிப்படை.

கல்லீரலில் உள்ள புற்றுநோய்க் கட்டியை அறுத்து எடுத்த பிறகும் 5 ஆண்டுகளுக்குள் நூற்றில் 70 பேர் வரைக்கும் அது திரும்பி வரலாம். அதனால்தான் சில மாதங்களுக்கு ஒருமுறை ஸ்கேன், ஏஎஃப்பி இரத்தப் பரிசோதனை எல்லாம். ஏஎஃப்பி என்பது கல்லீரல் புற்றுநோய் இருந்தால் இரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம். கட்டி இருந்தும் ஏஎஃப்பி ஏறாதவர்கள் உண்டு. ஆகவே ஆய்வாளர்கள் சிறுநீரிலும் தேடுகிறார்கள். சிறுநீரகம் பெரிய புரதங்களைப் பெரும்பாலும் தடுத்துவிடும்; சின்னப் புரதங்களும் துணுக்குகளும் நழுவி வந்துவிடும். நோய் திரும்பியவருக்கு அவற்றின் அளவு மாறுகிறதா என்று பார்க்கிறார்கள். ஊசி வேண்டாம், வலி இல்லை. ஆனால் ஸ்கேனுக்குப் பதிலாக இதை நம்பும் காலம் இன்னும் வரவில்லை. ஸ்கேனை விட்டுவிடாதீர்கள்!

ஈசூனில் எங்கள் கீழ்வீட்டு அண்ணனுக்குக் கல்லீரலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்புறம் ஒருநாள் சிறுநீர் கொண்டுவரச் சொன்னார்கள். புட்டியைத் தமிழ் முரசில் சுற்றி, மஞ்சப்பையில் போட்டு, பஸ் ஏறிப் போனார். முகப்பில் இளவயதுத் தாதி. கொடுக்கக் கூச்சம். வரிசையில் நின்றார், விலகினார், மறுபடி நின்றார், கடைசியில் பையோடு வீடு திரும்பிவிட்டார். அண்ணி விடவில்லை. “வயித்தையே திறந்து காட்டினீங்க, அப்ப வராத வெட்கம் இப்ப எங்கேயிருந்து வந்துச்சு?” மறுநாள் புதுப் புட்டியோடு அண்ணியே கூட்டிப்போனார். இன்றுவரை அண்ணன் ஒரு பரிசோதனையும் தவறவிட்டதில்லை.

சரி, அந்த அண்ணனுக்குப் புற்றுநோய் வந்ததே கல்லீரல் அழற்சி பி, அதாவது ஹெபடைடிஸ் பி கிருமியால். நான் மேடை மேடையாகச் சொல்வது இதைத்தான். சிங்கப்பூரில் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இதன் தடுப்பூசி 1987இல்தான் வந்தது. இந்த அரங்கில் பாதிப்பேர் அதற்கு முன் பிறந்தவர்கள். கிருமி ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் உள்ளே இருக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இருந்தால் 6 மாதத்துக்கு ஒருமுறை கண்காணிக்கலாம். இல்லையென்றால் ஊசி போட்டுக்கொள்ளலாம். வெள்ளம் வருமுன் அணை போடு!

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இந்த இரத்தப் பரிசோதனைக்கு வாசலில் சகோதரிகள் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். தனியாகப் போகக் கூச்சமென்றால் என்னிடம் சொல்லுங்கள், பலதுறை மருந்தகத்துக்கு நான் துணைக்கு வருகிறேன்.